இந்தப் பக்கத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா?

சட்ட நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. காலையில் ஒரு ஜூனியர் வக்கீல் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரு தொகுதி எண், ஒரு பக்க எண். "சார், இது ஒண்ணு மட்டும் சீக்கிரம்" என்றார். அலமாரிக்குப் போய்த் தொகுதியை எடுத்தேன், பக்கத்தைப் பிரித்தேன், ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டோம் என்று எனக்கு நிறைவாக இருந்தது.

மாலையில் அவர் திரும்பி வந்தார். கோபப்படவில்லை, முகம்தான் வாடிப்போயிருந்தது. அந்தத் தீர்ப்பில் சொன்ன சட்டம் சரியல்ல என்று இரண்டு வருடங்களுக்கு முன்பே அதைவிடப் பெரிய அமர்வு ஒன்று சொல்லிவிட்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அந்தப் புதிய தீர்ப்பை நீட்டியபோது இவரிடம் பதில் இல்லை. அந்த வழக்கில் ஒரு குடும்பம் இவரை நம்பி உட்கார்ந்திருந்தது. அதையும் சொன்னார்.

எங்கள் தலைமை நூலகரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். விஷயம் அவர் காதுக்குப் போனது. திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை அந்த அலமாரிக்கே கூட்டிக்கொண்டு போய், அதே தொகுதியை எடுத்து, அதே பக்கத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். தீர்ப்பின் தலைப்புக்குப் பக்கத்தில், ஓரத்தில், மெல்லிய பென்சில் எழுத்தில் 'மாற்றப்பட்டது, பார்க்க' என்று எழுதி ஒரு தொகுதி எண்ணும் பக்க எண்ணும் போட்டிருந்தது. அவருடைய கையெழுத்துதான். ஜெராக்ஸில் அது விழவே இல்லை. "பக்கத்தைப் பார்த்தே தம்பி, ஓரத்தைப் பார்க்கலை. இங்க யாரு எதைக் கேட்டாலும் முதல்ல நீ உன்னையே ஒண்ணு கேட்டுக்கணும். இதுக்கு இன்னைக்கு உயிர் இருக்கா?" என்றார்.

இத்தனை வருடம் கழித்தும் என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் நினைவுக்கு வருகிறது. புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. எடுத்ததற்கு இன்றைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் எங்கள் நேரமெல்லாம் போகிறது.

மற்ற நூலகங்களில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய கவிதைத் தொகுப்பை இன்று ஒருவர் எடுத்துப் படித்தால் அவருக்கு நஷ்டம் எதுவும் வராது. சட்டப் புத்தகம் அப்படி இல்லை. போன வாரம் வரை சரியாக இருந்த பக்கம் இந்த வாரம் ஆளைக் கவிழ்த்துவிடும். அது பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் காட்டாது என்பதுதான் கொடுமை. அதே தாள், அதே அச்சு, அதே கனமான அட்டை. செல்லாமல் போன தீர்ப்பும் செல்லுபடியாகும் தீர்ப்பும் ஒரே அலமாரியில் ஒரே நிறத்தில் உட்கார்ந்திருக்கும்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகவியல் படித்த யாருக்கும் அது மனப்பாடம். அன்று நான் அந்த வக்கீலுக்குச் சில நிமிடங்களை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். அது அவருடைய அந்த நாளையே தின்றுவிட்டது. எங்கள் மேஜையில் அந்த விதிக்கு அர்த்தம் வேறு என்று அப்போது புரிந்தது. பத்து நிமிடம் கூடுதலாக உட்கார வைத்தாலும் சரி, சரிபார்த்துக் கொடுப்பதுதான் அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவது.

ஐயா பென்சிலால் செய்த வேலையை ஒரு தொழிலாகவே செய்தவர் ஃபிராங்க் ஷெப்பர்ட். அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில், 1873இல் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் குறிப்பிட்டிருக்கின்றன என்று பட்டியல் எடுத்து, பின்பக்கம் பசை தடவிய சின்னச் சீட்டுகளில் அச்சடித்து விற்றார். வக்கீல்கள் அதை வாங்கித் தங்கள் தீர்ப்புத் தொகுதியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். பிறகு சீட்டுகள் புத்தகங்களாயின. ஒவ்வொரு வரியிலும் ஒரு சின்ன எழுத்து இருக்கும். பின்வந்த தீர்ப்பு முந்தையதைப் பின்பற்றியதா, வேறுபடுத்திக் காட்டியதா, தள்ளிவிட்டதா என்று அந்த ஒற்றை எழுத்து சொல்லிவிடும். அமெரிக்க வக்கீல்கள் ஒரு தீர்ப்பைச் சரிபார்ப்பதற்கே அவர் பெயரை வினைச்சொல்லாக்கி 'ஷெப்பர்டைஸ்' என்று சொல்லும் அளவுக்கு அது ஊறிப்போனது.

இன்று அதே வேலையை, கணினியில் தீர்ப்புகளைத் தேடும் தளங்களின் திரையில், தீர்ப்பின் பக்கத்தில் வரும் வண்ணக் குறிகள் செய்கின்றன. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்த வண்ணங்களை முழுசாக நம்பக் கூடாது என்பதைத்தான். ஒரு தீர்ப்பில் ஐந்து சட்டக் கேள்விகளுக்கு விடை இருக்கலாம். அதில் மூன்றாவதை மட்டும் மேல் நீதிமன்றம் மாற்றியிருக்கலாம். சிவப்புக் குறி தீர்ப்பின் தலையில் விழும். ஆனால் நமக்கு வேண்டியது முதலாவது கேள்வி என்றால் அந்தப் பகுதி நன்றாகவே உயிரோடு இருக்கும். மாறாக, எந்தக் குறியும் இல்லாத தீர்ப்பு ஒன்று, அது நம்பியிருந்த சட்டப் பிரிவே திருத்தப்பட்டதால் சத்தமில்லாமல் செத்துப் போயிருக்கும். குறியைப் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. குறி எந்தத் தீர்ப்பைக் காட்டுகிறதோ அதைத் திறந்து, எந்தப் பத்தியில் என்ன சொல்லியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

தலைக்குறிப்பும் அப்படித்தான். தீர்ப்புத் திரட்டுகளில் ஒவ்வொரு தீர்ப்பின் தொடக்கத்திலும் நாலு வரியில் சாரம் கொடுத்திருப்பார்கள். அதை எழுதுவது பெரும்பாலும் பதிப்பாசிரியர், நீதிபதி அல்ல. தலைக்குறிப்பு நீதிமன்றத்தின் வாக்கு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906லேயே, டெட்ராய்ட் டிம்பர் வழக்கில், சொல்லியிருக்கிறது. அப்படியும் தலைக்குறிப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். "உள்ளே அந்தப் பத்தியையும் ஒருமுறை பார்த்துடுங்க" என்று சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

சரி, தீர்ப்புகள் ஒரு பக்கம். சட்டங்களையும் விதிகளையும் புதுப்பித்துக்கொண்டே இருப்பது இன்னொரு பக்கம். அதைக் கையால் செய்த காலத்தில்தான் நான் நிஜமாக இந்த வேலையைக் கற்றேன்.

தளர்தாள் தொகுதிகள் என்று உண்டு, நாங்கள் லூஸ் லீஃப் என்போம். புத்தகத்தைத் தைத்திருக்க மாட்டார்கள். உலோக வளையத்திலோ ஆணியிலோ தாள்கள் கோத்திருக்கும். வரிச் சட்டம், நிறுவனச் சட்டம் மாதிரி அடிக்கடி மாறுகிற துறைகளுக்கு இதுதான் வசதி. பதிப்பாளரிடமிருந்து சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு கனமான உறை வரும். உள்ளே புதுத் தாள்களும், மேலே ஒரு வழிகாட்டுத் தாளும் இருக்கும். இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை எடுக்கவும், அந்த இடத்தில் இவற்றைச் செருகவும் என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு பத்தியாக அச்சடித்திருக்கும்.

சொல்வதற்கு எளிது. 45ஆம் பக்கம் முதல் 48ஆம் பக்கம் வரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 45, 46, 47, 47.1, 47.2, 48 என்று வைக்க வேண்டியிருக்கும். தாள் மெலிது, இரண்டு தாள் சேர்ந்து வந்துவிடும். கவனம் சிதறி ஒரு தாளைக் கூடுதலாக உருவிவிட்டால் நாட்டின் சட்டத்தில் ஒரு பக்கம் அந்த நூலகத்தில் இல்லாமல் போய்விடும். அடுத்து யாராவது அந்தப் பக்கத்தைத் தேடி வரும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் ஐயா ஒரு பழக்கம் வைத்திருந்தார். எடுத்த தாள்களை உடனே குப்பையில் போடக் கூடாது. ஒரு மாதம் கட்டி வைத்திருக்க வேண்டும். வழிகாட்டுத் தாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தொகுதியின் முன்பக்கத்தில் கோக்க வேண்டும். முந்தைய உறையின் எண் 61 என்றால் இன்று வந்தது 62தானா என்று பார்க்காமல் ஒரு தாளையும் தொடக் கூடாது. நடுவில் ஒன்று தபாலில் தொலைந்திருந்தால் அடுத்ததைச் செருகுவது தவறின் மேல் தவறை அடுக்குவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வேலையைச் செய்யவே விட மாட்டார், கண் அசரும் என்று. அந்த வேலையை இன்று பெரும்பாலும் கணினி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் எண் விடுபடாமல் பார்க்கும் அந்தப் பதற்றம் என் விரல்களில் அப்படியே இருக்கிறது.

அந்தப் பதற்றம் வீண் இல்லை என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. சட்ட நூலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்வேன். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தொழில்துறைகளை ஒழுங்குபடுத்த விதிமேல் விதியாகப் போட்டது. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் வெளியிடும் அரசிதழ் அப்போது அங்கே கிடையாது. எந்த ஆணை எங்கே இருக்கிறது, எது திருத்தப்பட்டது என்று அரசு அலுவலகங்களுக்கே சரியாகத் தெரியாது. எண்ணெய் உற்பத்திக்கான விதித்தொகுப்பின் கீழ் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. அதில் 1933 செப்டம்பரில் ஒரு திருத்த ஆணை வந்தது. அந்தத் திருத்தத்தில், வழக்குகளுக்கே அடிப்படையாக இருந்த பத்தி தவறுதலாக விடுபட்டுப் போனது. யாரும் கவனிக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, அங்கே வாதத்துக்குத் தயாரானபோதுதான் அரசு வக்கீல்களுக்கே தெரிந்தது, தாங்கள் பிடித்துக்கொண்டிருந்த விதி நடைமுறையில் இல்லை என்று.

பனாமா ரிஃபைனிங் வழக்கு என்று அதற்குப் பெயர். 1935 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதே வருடம் ஜூலையில் அரசு ஆணைகளை முறையாக வெளியிட ஒரு சட்டம் இயற்றினார்கள். 1936 மார்ச் 14 அன்று ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழின் முதல் இதழ் வந்தது. ஒரு பத்தி விடுபட்டதை யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அத்தனை தூரம் போயிருக்காது. அப்படி உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறான இன்னொரு தவறும் உண்டு. செத்துப்போன சட்டம்தானே என்று பழைய பதிப்பைக் கழித்துவிடுவது. இடம் இல்லை, தூசி, எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது என்று நிர்வாகம் சொல்லும். நான் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரு செயல் நடந்த நாளில் என்ன சட்டம் இருந்ததோ அதை வைத்துத்தான் பெரும்பாலும் அந்தச் செயலைப் பார்ப்பார்கள். இருபது வருடத்துக்கு முன் எழுதிய பத்திரத்துக்கு இருபது வருடத்துக்கு முந்தைய பிரிவு வேண்டும். அந்தத் தேதியில் அந்தப் பிரிவு எந்த வார்த்தைகளில் இருந்தது என்று காட்டப் பழைய பதிப்பு கையில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. கொலைக்கு 302 என்று நாக்கில் ஊறியிருந்த எண் இப்போது 103. ஆனால் ஜூன் மாதம் நடந்த குற்றம் பழைய சட்டத்தின் கீழேதான் வரும். ஆகவே இரண்டு புத்தகமும் மேஜையில் வேண்டும். அப்புறம் இன்னொரு நுணுக்கம். புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த அறிவிக்கையில், விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுகிறவரைப் பற்றிய 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டார்கள். அச்சிட்ட சட்டத்தில் அந்த உட்பிரிவு முழுசாக இருக்கும். ஜூலை 1 அன்று அதற்கு உயிர் இல்லை. சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை, கூடவே அறிவிக்கையையும் வைத்திருக்க வேண்டும். நாடாளுமன்றம் இயற்றிய நாள் ஒன்று, ஒப்புதல் கிடைத்த நாள் ஒன்று, நடைமுறைக்கு வந்த நாள் ஒன்று. எந்த நாட்டுச் சட்டமானாலும் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தீர்ப்பின் மேற்கோள் எண்ணைப் படிப்பதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். டானஹூ எதிர் ஸ்டீவன்சன், பாட்டிலில் நத்தை இருந்ததாகச் சொன்ன, ஸ்காட்லாந்திலிருந்து லண்டனில் பிரபுக்கள் சபைக்குப் போன புகழ்பெற்ற மேல்முறையீடு. அதன் எண் [1932] ஏ.சி. 562. ஏ.சி. என்பது 'அப்பீல் கேசஸ்' என்ற தீர்ப்புத் திரட்டின் சுருக்கம், 562 பக்க எண். வருடம் சதுர அடைப்பில் இருந்தால், அந்த வருடம் இல்லாமல் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது என்று பொருள். வட்ட அடைப்பில் இருந்தால், தொகுதி எண்ணே போதும், வருடம் கூடுதல் தகவல்தான். இந்த அடைப்புக்குறியைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்து, இல்லாத தொகுதியை அரை மணி நேரம் தேடியவர்கள் உண்டு.

சட்ட நூலகம் என்றால் வக்கீல்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு மனசில் தங்கியவர்கள் வேறு ஆட்கள். ஒரு நாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு உறை, அதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். வாசலிலேயே தயங்கி நின்றார். நான் எழுந்து போய், "உள்ள வாங்கம்மா, உட்காருங்க. என்ன பார்க்கணும்?" என்றேன்.

"வாடகைச் சட்டம் இருக்கா தம்பி?" என்றார்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தை எடுத்து நீட்டினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் வருகிறவர்கள் முதலில் கேட்பது அவர்களுக்கு வேண்டியதாக இருக்காது. இப்படிக் கேட்டால்தான் புத்தகம் கிடைக்கும் என்று அவர்களே ஒன்றை யோசித்து வைத்துக்கொண்டு வருவார்கள். "ஏதாவது கடிதம் வந்திருக்காம்மா? எந்தத் தேதியில வந்தது?" என்று கேட்டேன். உறையைக் கொடுத்தார். நோட்டீஸில் ஒரு பிரிவு எண் போட்டிருந்தது. அந்தப் பிரிவை எடுத்துக் காட்டினேன். அதில் திருத்தம் வந்திருந்ததால் திருத்தச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்தேன். பதில் சொல்வதற்கான கால அவகாசம் எந்தப் பிரிவில் இருக்கிறது, எந்தப் படிவம், அது எந்த அட்டவணையில் என்று ஒவ்வொன்றாகக் காகிதச் சீட்டு வைத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"இதை வெச்சு நான் ஜெயிச்சிடுவேனா தம்பி?"

இந்த வேலையிலேயே கஷ்டமான இடம் இது. எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சொல்லக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்று காட்டுவது என் வேலை. உங்கள் விஷயத்தில் அது எப்படிப் பொருந்தும், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது வக்கீலின் வேலை. இந்த எல்லைக் கோட்டை உலகம் முழுவதும் சட்ட நூலகர்கள் மதிக்கிறார்கள். தாண்டினால், அவருடைய முழு நிலைமையும் தெரியாமல், பதில் சொல்லும் பொறுப்பும் இல்லாமல் நான் அவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டதாகும். "அதை வக்கீல்தாம்மா பார்த்துச் சொல்லணும். நான் சொன்னா தப்பாப் போயிடும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அங்கேயே விட்டுவிடக் கூடாது. இலவச சட்ட உதவி கிடைக்கும் இடத்தின் முகவரியையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். அங்கே போகும்போது கொண்டுபோக வேண்டிய காகிதங்களைப் பட்டியல் போட்டேன், நாங்கள் எடுத்த பிரிவுகளையெல்லாம் பிரதி எடுத்து ஒரே கோப்பில் வைத்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கமே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கோட்டைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்ளும் நூலகரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

சிறையில் இருப்பவர்களின் நிலைமை இன்னும் கடினம். நீதிமன்றத்தை அணுகும் உரிமை அர்த்தமுள்ளதாக இருக்கச் சிறைகள் போதுமான சட்ட நூலகமோ, சட்டம் தெரிந்தவர்களின் உதவியோ கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் பவுண்ட்ஸ் எதிர் ஸ்மித் வழக்கில் சொன்னது. 1996இல் வந்த லூயிஸ் எதிர் கேஸி வழக்கு அதைச் சுருக்கியது. நூலகம் சரியில்லை என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் தன் வழக்குக்கு உண்மையில் பாதிப்பு வந்தது என்று கைதி காட்ட வேண்டும் என்றது. நூலகத்தில் எது இல்லை என்று தெரியாதவர், அது இல்லாததால் தனக்கு என்ன நஷ்டம் என்று எப்படிக் காட்டுவார்? எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

இணையம் வந்தது பெரிய வரம். சட்டங்களையும் தீர்ப்புகளையும் இணையத்தில் இலவசமாகத் தர, 1992இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டத் தகவல் நிலையம் தொடங்கினார்கள். 1995இல் ஆஸ்திரேலியாவில் ஆஸ்ட்லீ, 2000இல் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் பெய்லீ, 2008இல் இந்தியாவுக்கு இந்தியன் கானூன் என்று அதே மாதிரித் தளங்கள் வரிசையாக வந்தன. பொதுச் சட்டத் தகவல் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று 2002இல் மான்ட்ரியல் பிரகடனம் அறிவித்தது. முன்பெல்லாம் பெரிய ஊரின் பெரிய நூலகத்துக்கு வந்தால்தான் கிடைத்த தீர்ப்பு இப்போது கைப்பேசியில் கிடைக்கிறது. நான் இதில் முழு மனசோடு சந்தோஷப்படுகிறேன். தீர்ப்பு யாருடைய தனிச் சொத்தும் இல்லை.

ஆனால் ஐயாவின் கேள்வி அங்கேயும் கூடவே வந்தது. தாள் மக்க நூறு வருடம் ஆகும். இணைப்பு மூன்று வருடத்தில் மறைந்துவிடலாம். 2013இல் ஹார்வர்டில் ஒரு ஆய்வு செய்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டியிருந்த இணைய இணைப்புகளில் பாதியளவு, முதலில் காட்டிய தகவலை இப்போது காட்டவில்லை என்று தெரிந்தது. அவர்கள் பார்த்த சட்ட இதழ்களில் அது 70 சதவீதத்துக்கும் மேல். இதில் ஒன்று எல்லோரும் பேசும் அளவுக்குப் போனது. 2011ஆம் ஆண்டு வீடியோ கேம் வழக்குத் தீர்ப்பில் ஒரு நீதிபதி குறிப்பிட்டிருந்த இணையதளம் காலாவதியானது. அந்த முகவரியை வேறு யாரோ வாங்கி, இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டினால் இதுதான் கதி என்கிற பாணியில் ஒரு செய்தியை அதில் எழுதி வைத்துவிட்டார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் அடிக்குறிப்பு அது. இப்படி நடக்காமல் இருக்க, மேற்கோள் காட்டும் பக்கத்தை அந்த நாளில் இருந்தபடியே பிரதி எடுத்து நிலையான முகவரியில் வைக்கும் பெர்மா.சிசி என்ற சேவையை ஹார்வர்ட் சட்ட நூலகம் 2013இல் ஆரம்பித்தது. நூலகங்கள் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. நூலகர்கள் செய்ய வேண்டிய வேலைதான் அது.

இப்போது வந்திருப்பது இன்னொரு விதமான பக்கம். உயிர் போன பக்கத்தையாவது பழைய தொகுதியில் பார்க்கலாம். இது பிறக்கவே இல்லாத பக்கம். 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த ஆறு கற்பனைத் தீர்ப்புகளை வக்கீல்கள் நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார்கள். பெயர் இருந்தது, தொகுதி எண் இருந்தது, பக்க எண் இருந்தது. வழக்கு மட்டும் இல்லை. இவை உண்மைதானா என்று அந்த இயந்திரத்தையே கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது அந்த வக்கீல்கள் மேல் கோபம் வரவில்லை. என் முதல் வருடத்து ஜூனியர் வக்கீலின் முகம்தான் வந்தது. யாராவது ஒருவர் அலமாரிக்குப் போய் அந்தத் தொகுதியைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

போன மாதம் ஒரு சட்ட மாணவி வந்தாள். மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயார் செய்கிறாளாம். கைப்பேசியில் ஐந்து தீர்ப்புகளின் பட்டியலைக் காட்டி, "சார், இதெல்லாம் எங்க இருக்கும்?" என்றாள். வடிவம் கச்சிதமாக இருந்தது. முதல் மூன்றும் கிடைத்தன. நான்காவதற்கு இருவரும் எழுந்து போனோம். தொகுதியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் பக்கத்தைப் பிரித்தாள். அங்கே நில எடுப்பு இழப்பீடு பற்றிய ஒரு தீர்ப்பின் நடுப்பகுதி இருந்தது. கைப்பேசியைப் பார்த்தாள், பக்கத்தைப் பார்த்தாள், முன்னும் பின்னும் நாலு தாள் புரட்டினாள். "பேரே இல்லையே சார்" என்றாள், குரல் இறங்கிப்போய்.

"இல்லைம்மா. அது இருந்ததே இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "அப்ப முதல் மூணும்? அதுங்களுக்கும் ஏதாவது ஆகியிருக்குமா?" என்று கேட்டாள். நான் கேட்கச் சொல்லவே இல்லை. அவளாகக் கேட்டாள். எனக்கு ஐயா ஞாபகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். முதல் தீர்ப்பின் தொகுதியை ஜன்னல் பக்கம் திருப்பி, ஓரத்தில் பென்சில் எழுத்து எதுவும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன்.